உப்புக் காற்றில் ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு: ஒன்பது மாதம் எரித்த பிறகு

2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்த நாளில் இருந்தே விறகில் பாண் சுட ஒரு வழி தேடிக்கொண்டிருந்தேன். போன வருடம் திருகோணமலையில் பழைய இரும்புச் சாமான் விற்கும் ஒரு கடையில் இந்த அடுப்பு கிடைத்தது. விக்டோரியா காலத்து மாதிரியில் வார்த்தது, நாலு கால், மேலே இரண்டு வட்ட மூடி, ஒரு பக்கம் விறகுப் பெட்டி, மறுபக்கம் சின்னப் போறணை. விலை 45,000 ரூபாய். "உடனே எரிக்கலாம் தங்கச்சி" என்றுதான் விற்றவர் சொன்னார், வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் சாம்பல் தட்டைக் காணோம், புகைக்குழாயின் அடியைத் துரு தின்றிருந்தது. அதற்குத் தனியாகச் செலவு.

சரி, எரிப்பு எப்படி? முதல் இரண்டு வாரம் அழுதேன், புகையால். பிறகுதான் பின்னால் இருக்கும் தகட்டின் வேலை பிடிபட்டது. அதைத் திறந்தால் புகை நேரே குழாய்க்குப் போகும், நெருப்பு பற்றும்வரை அப்படித்தான் விட வேண்டும். நன்றாகப் பற்றிய பிறகு மூடினால் அந்தச் சூட்டுக் காற்று போறணையைச் சுற்றி வந்துதான் வெளியேறும். ஒரே நெருப்பில் மேலே குழம்பும் கொதிக்கிறது, உள்ளே பாணும் வேகிறது. 1834இல் அமெரிக்காவில் பிலோ ஸ்டூவர்ட் காப்புரிமை எடுத்த ஓபர்லின் அடுப்பு போன்றவை அங்கே வீடு வீடாகப் போனதற்கு இந்தச் சிக்கனம்தான் காரணம். பிரிட்டனில் பெரும்பாலும் நிலக்கரி, அமெரிக்காவில் விறகு. சூட்டுமானி கிடையாது, கையை உள்ளே நீட்டி எண்ணிப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான், இருபது எண்ணுவதற்குள் கை பின்வாங்கினால் மாவை வைக்கலாம். நெருப்புப் பக்கம் முந்திக் கருகும், பாதியில் தட்டைத் திருப்பிவிட வேண்டும். வீரை விறகென்றால் இரண்டு துண்டே ஒரு பாணுக்குப் போதும், மேல்தோல் மொறுமொறுவென்று வரும், காஸ் ஒவனில் எனக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

பெரிய தொல்லை துரு. எங்கள் வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. மூன்று நாள் எரிக்காமல் விட்டால் மூடியில் செம்மண் நிறம் ஏறிவிடும். அந்தக் காலத்து வேலைக்காரப் பெண்கள் விடிய எழும்பி அடுப்புக்குக் காரீயம் (ஈயம் இல்லை, பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட்) பூசித் தேய்த்ததை வெறும் மினுக்கு வேலை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, அது இரும்பைக் காக்கிற வேலை, ஒவ்வொரு நாளும் எவ்வளவு முதுகு முறிந்திருக்கும். அப்போது இலங்கையில் இருந்தும் காரீயம் பிரிட்டனுக்குக் கப்பலேறியது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் இன்றும் எடுக்கிறார்கள். நான் காரீயத் தூளைத் துணியில் தொட்டு வாரம் இருமுறை தேய்க்கிறேன், துரு நின்றுவிட்டது.

சோறு மட்டும் வடிக்க இது வேண்டாம், இரும்பு சூடேறவே அரை மணித்தியாலம் போகும், அம்மாவின் மண் அடுப்பில் அதற்குள் உலை கொதித்துவிடும். குசினிக்குள்ளும் வைக்காதீர்கள். குளிர் நாட்டில் இதுவே வீட்டையும் சூடாக்கியது, இங்கே சித்திரை வெயிலில் யார் தாங்குவது? நான் பின் விறாந்தையில் வைத்திருக்கிறேன்.

அப்புறம், வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே மூடியைத் தூக்கி, டோர்ச் அடித்து உள்தகட்டைப் பாருங்கள். மேல் துருவைத் தேய்த்து எடுக்கலாம். வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள், வார்ப்பிரும்பை ஒட்டுவது லேசான வேலை இல்லை, ஒட்டினாலும் சூட்டில் திரும்ப வெடிக்கும்.