ஆர்ஃபிட் ஸ்ப்ளின்ட் தகடு: வாங்கலாமா?

மணிக்கட்டையும் விரலையும் அசையாமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் செய்ய நான் பெரும்பாலும் எடுப்பது பெல்ஜியத்தின் ஆர்ஃபிட் பிளாஸ்டிக் தகடுதான். 65 டிகிரி வெந்நீரில் போட்டதும் துவண்டு, கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். ஈரம் துடைத்து, கையில் படியவைத்துச் சில நிமிடம் பிடித்தால் அப்படியே இறுகும். வீக்கம் வடிந்து லூசாகிவிட்டதா? திரும்ப வெந்நீரில் போட்டால் பழையபடி தட்டையாகிவிடும், புதிதாக வார்க்கலாம். விலை அதிகம்தான், ஆனாலும் இதற்காகவே கொடுக்கலாம்.

மூலப்பொருள் பாலிகேப்ரோலாக்டோன், குறைந்த சூட்டிலேயே இளகும் ஒரு பிளாஸ்டிக். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே நுண்துளை நுரையாக்கி, எலும்பு ஒட்டி வளரப் பூச்சும் கொடுத்து, சூடான உப்புநீரில் இளக்கி மண்டையோட்டில் எலும்பு இல்லாத ஓட்டையில் பொருத்தப் பார்க்கிறார்கள். அருமையான முயற்சி.

நோயாளிகளுக்கு ஒன்று: வெயிலில் நிற்கும் காருக்குள் ஸ்ப்ளின்ட்டை வைக்காதீர்கள், வளைந்துவிடும்.