எம்-சாட் படிவம்: ஏழாவது கேள்வியில் நிதானியுங்கள்

ஒன்றரை வயதுக் குழந்தை கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அம்மா கவலைப்பட்டால், "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும், அவங்க அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தெறந்தான்" என்று வீட்டில் வாயடைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டிய தாள் எம்-சாட்-ஆர்/எஃப். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கான ஆட்டிசம் முன்சோதனைப் படிவம் இது. மொத்தம் 20 கேள்விகள். ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். இணையத்தில் இலவசம், தமிழிலும் கிடைக்கிறது. தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் அவசரமாக நிரப்பினால் பயனில்லை.

படிவத்தின் உயிர் 6, 7ஆம் கேள்விகளில் இருக்கிறது. இரண்டும் விரல் நீட்டுவதைப் பற்றியவை என்பதால் பலரும் ஒரே பதிலை எழுதிவிடுகிறார்கள். ஆறாவது, எட்டாத பிஸ்கட் டப்பாவை வேண்டும் என்று ஒற்றை விரலால் காட்டுகிறதா என்பது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து டப்பா வரை இழுத்துப் போனால் அது சுட்டுவது ஆகாது. ஏழாவதில் குழந்தைக்கு எதுவும் வேண்டியதில்லை. மொட்டைமாடியில் சோறு ஊட்டும்போது நிலாவை நோக்கி விரல் நீட்டி, "நீயும் பாரேன்" என்பதுபோல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? கேட்டு வாங்கத் தெரிந்த குழந்தைகூட இந்தப் பகிர்தலில் பின்தங்கலாம். ஆட்டிசத்தின் ஆரம்ப அடையாளங்களில் இது முக்கியமானது.

பத்தாவது கேள்வி, பெயர் சொன்னால் திரும்புகிறதா என்பது. டிவியை அணைத்துவிட்டு, பின்னால் நின்று, தொடாமல், வீட்டில் வழக்கமாகக் கூப்பிடும் பெயரைச் சொல்லிப் பாருங்கள். சான்றிதழில் உள்ள பெயரைக் குழந்தை கேட்டே இருக்காது. சாக்லேட் உறை சரசரத்தால் திரும்புவது கணக்கில் வராது.

எப்போதோ ஓரிரு முறை செய்ததை "ஆம்" என்று எழுதக்கூடாது. வழக்கமாகச் செய்யாவிட்டால் பதில் "இல்லை". பாசத்தில் இங்கேதான் தவறுகிறார்கள். பகலில் குழந்தையோடு இருப்பது பாட்டி என்றால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்புங்கள்.

மதிப்பெண் போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. "இல்லை" ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். ஆனால் 2, 5, 12ஆம் கேள்விகளில் தலைகீழ்: காது கேட்கவில்லையோ என்ற சந்தேகம், கண்ணருகே விரல்களை விசித்திரமாக அசைப்பது, மிக்ஸி போன்ற அன்றாடச் சத்தத்துக்குக் கலங்குவது. இவற்றில் "ஆம்" என்றால்தான் 1.

மொத்தம் 0–2 என்றால் இப்போதைக்குக் கவலை குறைவு. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு, நிரம்பிய பிறகு மறுபடி செய்ய வேண்டும். 8க்கு மேல், 8 உட்பட, நேரே மருத்துவரிடம் போக வேண்டும். இடையில் 3–7 வந்தால் இரண்டாம் கட்டம்: மதிப்பெண் விழுந்த கேள்விகளை மட்டும் உதாரணங்களோடு விசாரிக்கும் நேர்காணல். அதன் பிறகும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் முழுப் பரிசோதனை தேவை. தானாகக் கூட்டிச் சொல்லும் செயலிகள் பல இந்தக் கட்டத்தை விட்டுவிடுகின்றன. வீண் பீதி கிளம்புவது அதனால்தான்.

16,000க்கும் அதிகமான அமெரிக்கக் குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், இரண்டு கட்டத்திலும் சிக்கி, முழுப் பரிசோதனைக்கும் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதிக்கு ஆட்டிசம் உறுதியானது. 95 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவனிக்க வேண்டிய குறையோ இருந்தது. ஆகவே மதிப்பெண் கூடினால் அதுவே ஆட்டிசம் என்று முடிவுகட்டக் கூடாது, அலட்சியமும் கூடாது. 12 வாங்கிய குழந்தைக்கு 8 வாங்கிய குழந்தையைவிடத் தீவிரம் அதிகம் என்றும் பொருளில்லை.

குறையும் உண்டு. லேசான அறிகுறிகள் உள்ள குழந்தை இந்தப் படிவத்தில் சிக்காமல் போய்விடலாம். பேசிய சொற்களை இழந்துவரும் குழந்தைக்கு மதிப்பெண் 1 என்றாலும் காத்திருக்காதீர்கள். 30 மாதம் தாண்டியவர்களுக்கு இது உதவாது. வாட்ஸப்பில் சுற்றும் பத்துக் கேள்விச் சுருக்கங்கள் யாருக்குமே உதவாது.

தமிழ்நாட்டில் அடுத்த படி குழந்தை நல மருத்துவர், அல்லது அரசு மருத்துவமனையில் இயங்கும் டிஇஐசி (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் மாவட்ட மையம்). செவித்திறன் சோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். நிரப்பிய தாளோடு, ஒரு நிமிட அளவில் இரண்டு வீடியோ எடுத்துப் போங்கள்: ஒன்றில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, மற்றதில் குழந்தை தன்போக்கில் விளையாடுவது. புது இடத்தில் குழந்தை அழுதால் மருத்துவருக்கு அந்த வீடியோதான் கைகொடுக்கும்.