டிரான்ஸ்பார்மருக்கு நூற்றுக்கு நூறு, டைமருக்கு முட்டை

"அந்த 300 வி.ஏ. ஸ்டீல் பெட்டி விலை இறங்கியிருக்கு, எங்க தோட்டத்து டிரான்ஸ்பார்மர் போயிடுச்சு, வாங்கி மாட்டலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் டைமரை நினைத்தாலே ஒரு வரி போதாது என்பதால் இவ்வளவு நீளம்.

தோட்டத்து 12 வோல்ட் விளக்குகளுக்கான பெட்டி இது, அதிகம் விளக்கத் தேவையில்லை. வி.ஏ. என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு, டிரான்ஸ்பார்மரின் தாங்குதிறன். 230 வோல்ட் உள்ளே போகும். டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மரிலிருந்து 12, 13, 14, 15 வோல்ட் என்று நான்கு டேப்பிங்கும் (தனித்தனி வோல்டேஜ் முனை), எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு காமனும் வெளியே வரும். மூடியில் இருட்டினால் விளக்கைப் போடும் போட்டோசெல், உள்ளே ஓரமாக 24 மணி நேர டயல் டைமர்.

வாங்குவதற்கு முன்னால், பழையது நிஜமாகவே செத்துவிட்டதா என்று பாருங்கள். மெயினை அணைத்து, பிரைமரி (230 வோல்ட் பக்கம்) ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துத் தொடுங்கள். இந்த அளவு டிரான்ஸ்பார்மரில் சில ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால், பிரைமரி சுற்றோடு சேர்த்துக் கட்டியிருக்கும் தெர்மல் ஃபியூஸ் மட்டும் போயிருக்க வாய்ப்பு நிறைய. வைண்டிங் கடையில் பிரித்து மாற்றித் தருவார்கள். அதை ஷார்ட் பண்ணி ஓட்டச் சொல்லும் ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள். ஃபியூஸ் போனது சூடு ஏறியதால்தான், சூடு ஏறியது பெரும்பாலும் லோடு கூடியதால்தான். வார்னிஷ் கருகிய வாசனை வந்தால் மட்டும் யோசிக்காமல் காயலான் கடைக்கு.

லோடு கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். விளக்கு 6 வாட், பத்து விளக்கு, ஆக 60 வாட், 75 வி.ஏ. தாராளம் என்று போட்டுவிடுகிறார்கள். 12 வோல்ட் ஏசியில் ஓடும் எல்.இ.டி. விளக்குக்குள் ரெக்டிஃபையரும் கெப்பாசிட்டரும் இருப்பதால் பவர் ஃபேக்டர் (வாட்டுக்கும் வி.ஏ.வுக்கும் உள்ள விகிதம்) 0.6 பக்கம்தான் நிற்கும். 60 வாட்டுக்கு 100 வி.ஏ. இழுக்கும். கிளாம்ப் மீட்டரில் 5 ஆம்பியரை எதிர்பார்த்தால் 8க்கு மேல் காட்டும். அந்த 100ஐ டிரான்ஸ்பார்மர் அளவில் எண்பது சதவீதமாக வைத்துக்கொண்டால் 125 வருகிறது, கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 150. பின்னால் விளக்கு சேர்ப்பீர்கள் என்றால் 300 எடுங்கள். சேர்க்கப் போவதில்லை என்றால் 300க்கு ஆசைப்பட வேண்டாம். லோடு குறைவாக இருக்கும்போது டிரான்ஸ்பார்மர் எழுதியிருப்பதைவிடக் கூடுதல் வோல்டேஜ்தான் கொடுக்கும்.

மலிவாகக் கிடைக்கும் 'எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர்' தோட்டத்துக்கு ஆகாது. அது ஆலஜன் காலத்துச் சாமான். குறைந்தபட்ச லோடு இல்லாவிட்டால் எல்.இ.டி.யை மினுக்கும். வெளியே வருவது பல்லாயிரம் ஹெர்ட்ஸ் என்பதால் நீள ஒயருக்கு ஏற்றதில்லை, சாதாரண மீட்டரில் அளந்தால் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும். 12 வோல்ட் டிசி எஸ்.எம்.பி.எஸ். (எலக்ட்ரானிக் பவர் சப்ளை) அப்படி மோசமில்லை. மெயின் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் அவுட்புட் அசையாது. ஆனால் தோட்டத்தில் அதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று நம் ஊர் வெயில்: மூடிய பெட்டிக்குள் கெப்பாசிட்டர் காய்ந்து போகும். இன்னொன்று ஈரம்: மண்ணுக்குள் ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் புகுந்தால், டிசியில் பாசிட்டிவ் பக்கத்துத் தாமிரத்தை அரிப்பு தின்று பச்சைப் பொடியாக்கிவிடும். அதே ஜாயின்ட் ஏசியில் மெதுவாகத்தான் கெடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறும் தோட்டத்துக்கு இரும்பும் தாமிரமுமான பழைய வகை டிரான்ஸ்பார்மர்தான் சரி. உங்கள் விளக்கில் ஏசி என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். ஸ்ட்ரிப் லைட் டிசிக்கு மட்டுமே.

இனி இந்தப் பெட்டியின் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்குக் காரணம்: அந்த நான்கு டேப்பிங். வாங்கும்போது அலங்காரம் போலத் தெரியும். கேட் ஓரம் 25 மீட்டர் தள்ளி ஐந்து விளக்கு, 4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 50 மீட்டர் ஒயர். 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) என்றால் வழியிலேயே சுமார் 2.7 வோல்ட் போய்விடும், கேட்டில் 9.3தான் மிஞ்சும். 2.5 ஸ்கொயரில் 1.6 போகும். 4 ஸ்கொயரில் 1 போகும். ஏற்கெனவே கல் பதித்த நடைபாதைக்கு அடியில் ஓடும் 1.5 ஸ்கொயர் ஒயரைத் தோண்டி மாற்றப் போகிறீர்களா? அந்த ஒரு லைனை மட்டும் 14 வோல்ட் டேப்பிங்கில் மாட்டினால் கேட்டில் 11.3 நிற்கும். பக்கத்தில் இருக்கும் செடி விளக்குகள் 12லேயே இருக்கட்டும். கடப்பாரை எடுக்காமல் தோட்டம் முழுக்க ஒரே வெளிச்சம். இந்த ஒன்றுக்காகவே டேப்பிங் இல்லாத டிரான்ஸ்பார்மரைத் தொடக்கூடாது என்பேன்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த நேரத்தில் அளக்கிறீர்கள் என்பது. சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவே ஏர்கண்டிஷனரும் மோட்டாரும் போட்டிருக்கும்போது மெயின் 200க்கு இறங்கியிருக்கலாம். நள்ளிரவில் அதுவே 250க்கு ஏறும். டிரான்ஸ்பார்மருக்கு ஏற்ற இறக்கத்தை மறைக்கத் தெரியாது. 12 டேப்பிங் 10.4க்கும் 13க்கும் நடுவே ஊசலாடும், 15 டேப்பிங் 16.3 வரை போகும். ஏசி 16.3 என்றால் உச்சம் 23 வோல்ட். விளக்குக்குள் 25 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் அது விளிம்பில் நிற்கிறது. அதனால் சாயங்காலம் ஒரு முறை, நள்ளிரவுக்கு மேல் ஒரு முறை, கடைசி விளக்கின் காலடியிலும் முதல் விளக்கின் காலடியிலும் அளந்த பிறகே டேப்பிங்கை முடிவு செய்யுங்கள். வெறும் '12 வோல்ட்' என்று எழுதிய விளக்கை 15இல் மாட்டவே வேண்டாம். இரண்டு டேப்பிங்குகளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கி வைண்டிங்கை ஷார்ட் ஆக்கும் எலக்ட்ரீஷியனும் உண்டு, பக்கத்திலேயே நில்லுங்கள்.

டெர்மினலைப் பற்றி ஒரு வார்த்தை. முழு லோடில் காமனில் 25 ஆம்பியர் ஓடும், எல்லா லைனும் அங்கேதான் திரும்பி வருகிறது. ஸ்க்ரூ தளர்ந்து 0.05 ஓம் தடை உண்டானால், 10 ஆம்பியருக்கே அந்த ஒரு திருகில் 5 வாட் சூடு. பிளாஸ்டிக் உருகுவது இப்படித்தான். ஒயரைச் சும்மா முறுக்கிச் செருகாமல் லக் (உலோக முனை) வைத்து நசுக்கி மாட்டுங்கள், முதல் மாதம் கழித்து ஒரு முறை இறுக்குங்கள். லைனுக்கு ஒரு ஃபியூஸ் கட்டாயம். வீட்டு ஆர்.சி.சி.பி. (கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். டிரான்ஸ்பார்மர் தனிமைப்படுத்திவிடுவதால் 12 வோல்ட் பக்கம் ஒயர் மண்ணில் கசிந்தாலும் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது.

இதுவரை எல்லாம் நன்று. இப்போது டைமர்.

டயலைச் சுற்றி 96 பல். பல் ஒன்றுக்குக் கால் மணி நேரம். சின்ன சிங்க்ரனஸ் மோட்டார் மெயினின் 50 ஹெர்ட்ஸை நம்பிச் சுற்றுகிறது. பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் டைமரும் நின்றுவிடும், வந்தால் விட்ட இடத்திலிருந்து சுற்றும். இந்தப் பெட்டியை வடிவமைத்தவருக்குத் தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று ஒன்று உண்டு என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. காலை 9 மணிக்குப் போன கரண்ட் மதியம் 2 மணிக்கு வந்தால், ஆறு மணிக்கு எரிய வேண்டிய விளக்கு இரவு பதினொன்றுக்கு எரியும். அதோடு போட்டோசெல்லும் டைமரும் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் சம்மதித்தால்தான் விளக்கு. சாயங்காலம் போட்டோசெல் சரி என்கிறது, டைமர் இன்னும் மதியம் என்கிறது, தோட்டம் இருட்டு. விருந்தாளி வாசலில் தடுக்கி விழுந்த பிறகு பெட்டியைத் திறந்து டயலைத் திருகுவது வழக்கமாகிவிடும். மழைக்காலத்தில் வாரத்துக்குப் பாதி நாள் இதே வேலை.

டயலைச் சரியாக வைத்தாலும் சூரியன் அதற்குக் கட்டுப்படுமா? சென்னையில் நவம்பர் கடைசியில் 5.40 வாக்கில் பொழுது சாய்கிறது, ஜூலையில் 6.40 வாக்கில். அதைச் சமாளிக்கத்தான் போட்டோசெல் என்பார்கள். அந்த போட்டோசெல்லோ மூடியின் நெற்றியில் இருக்கிறது. பெட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் மாட்டினால் நாலரைக்கே இருட்டிவிட்டது என்று நினைக்கும். வெளியே மாட்டினால், எதிரே இருக்கும் விளக்கு அதன் மேல் அடித்து எரிந்து அணைந்து எரிந்து அணையும். கூடவே பல்லி எச்சம்.

இதைவிட மோசமான வியாதி மெதுவாக வருகிறது. டொராய்டல் டிரான்ஸ்பார்மர் ஆன் ஆகும் நொடியில் இழுக்கும் கரண்ட், ஓடும் கரண்ட்டைப் போலப் பல மடங்கு. 300 வி.ஏ.க்கு ஓடும்போது 1.3 ஆம்பியர்தான், ஆனால் தொடக்க உதையில் பி வகை 6 ஆம்பியர் எம்.சி.பி. (அதிகக் கரண்ட்டில் தானே விழும் சுவிட்ச்) அவ்வப்போது விழுந்துவிடும். சி வகை போட்டால் பெரும்பாலும் தாங்கும். எம்.சி.பி.யை மாற்றிவிடலாம், டைமருக்குள் இருக்கும் சின்ன கான்டாக்ட்டை என்ன செய்வது? தினமும் அந்த உதையை வாங்கி வாங்கி ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். பிறகு டைமர் என்ன சொன்னாலும் விளக்கு அணையாது. பிரைமரியில் தொடக்க உதையை மட்டுப்படுத்தும் என்.டி.சி. தெர்மிஸ்டர் ஒன்று வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். காசு அதிகமில்லை. இவ்வளவு அழகாக டிரான்ஸ்பார்மர் சுற்றியவர்கள் அங்கே போய் ஏன் கஞ்சத்தனம் பண்ணினார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பெட்டி வைத்திருப்பவர்களுக்கு: அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேரே மாட்டினால் புகை. ஸ்டெப்டவுன் வைத்து ஓட்டினாலும் 50 ஹெர்ட்ஸில் கோர் சூடாகும், மோட்டார் டைமர் நாளுக்கு நான்கு மணி நேரம் பின்தங்கும். அதை வாங்கிக் கொடுத்தவர் ஊருக்கு வரும்போது மட்டும் வெளியே எடுத்துக் காட்டுங்கள்.

ஏற்கெனவே இந்தப் பெட்டியை வாங்கியவர்கள் செய்யக்கூடியது இது. டைமரின் ஓரத்தில் இருக்கும் சின்ன சுவிட்சை 'எப்போதும் ஆன்' பக்கம் தள்ளுங்கள். போட்டோசெல்லின் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள், அது என்றென்றும் ராத்திரி என்று நினைத்துக்கொள்ளட்டும். பிறகு வீட்டு டி.பி.க்குள் (எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டி) எம்.சி.பி. பக்கத்தில் ஒரு அஸ்ட்ரோ டைமர் மாட்டுங்கள். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்துவிட்டால் அஸ்தமனத்தைத் தானே கணக்குப் போடும், உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் மணி மறக்காது. அணையும் நேரத்தை இரவு 11 என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். அஸ்ட்ரோ டைமரை நேராக டிரான்ஸ்பார்மரில் கொடுக்காமல் ஒரு சின்ன கான்டாக்டர் (அதிகக் கரண்ட்டைத் தாங்கும் ரிலே) வழியாகக் கொடுங்கள், அதன் கான்டாக்ட்டும் பிழைக்கும். இதன் பிறகு பெட்டி தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி, சத்தமே இல்லை. பக்கத்து அறையில் யாராவது ஹேர் டிரையரை அரை வேகத்தில் ஓட்டினால் (அது ஏசி அலையில் ஒரு பாதியை மட்டும் இழுக்கும்) லேசாக உறுமும், அவ்வளவுதான்.

சரி, நண்பர் கேட்டதற்கு வருகிறேன். டிரான்ஸ்பார்மர் அருமை. ஸ்டீல் பெட்டி துருவே பிடிக்கவில்லை. டேப்பிங் தங்கம். ஆனாலும் வாங்காதீர்கள். விலையில் ஒரு பங்கு டைமருக்கும் போட்டோசெல்லுக்கும் போகிறது, காசு கொடுத்து வாங்கிய அந்த இரண்டின் கண்ணையும் கட்டிவிட்டுத்தான் பெட்டி உருப்படியாக ஓடுகிறது. வைண்டிங் கடையில் போய் இப்படிச் சொல்லுங்கள்: பிரைமரி 230, செகண்டரி 0-12-13-14-15, 25 ஆம்பியர், தாமிரம்தான், அலுமினியம் வேண்டாம். பிரைமரியும் செகண்டரியும் பாபினில் (ஒயர் சுற்றும் கூடு) தனித்தனி அறையில். தெர்மல் கட்அவுட் உள்ளே. நன்றாக வார்னிஷ் ஊற வைத்துக் காய்ச்சித் தர வேண்டும். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் போதுமே என்று யாராவது சொன்னால் கடையை மாற்றுங்கள், அதில் மெயின் கரண்ட் நேராகத் தோட்டத்துக்கு வரும். தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 பெட்டி ஒன்று வாங்கி, இடுப்பு உயரத்தில், கிளாண்டு (ஒயர் நுழையும் இறுக்கு வளையம்) கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி மாட்டுங்கள். ஒயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏறட்டும், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கிளாண்டை இறுக்க மறந்தால் எறும்பு குடும்பத்தோடு குடியேறும்.

வைண்டிங் கடைக்காரர் பத்து நாள் ஆகும் என்கிறார், வீட்டில் வெள்ளிக்கிழமை விசேஷம் என்றால் மட்டும் அந்த ஸ்டீல் பெட்டியையே வாங்குங்கள். வரும் வழியில் கருப்பு டேப் ஒரு சுருள்.