எப்வாஸும் ஒரு கோப்பை வெள்ளை ஒயினும்

பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் செய்யப்படும் எப்வாஸ் சீஸை மரப்பெட்டியோடு வாங்கிவந்தால் வீடு முழுக்க அதன் ஆட்சிதான். உப்புநீராலும், பிறகு திராட்சைச் சக்கையில் வடித்த ‘மார்க்’ பிராந்தியாலும் தோலைத் திரும்பத் திரும்பக் கழுவி முதிரவைப்பதால் வரும் வாடை அது. மூக்கைப் பொத்தியபடியாவது வாயில் வையுங்கள்: வெண்ணெய், உப்பு, இறைச்சிச் சாற்றின் ஆழம்! குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, குளிர் போனபின் கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட வேண்டும்.

அதே ஊர்ச் சிவப்பு ஒயின்தான் பொருத்தம் என்பது மரபு. எனக்கு ஒப்பவில்லை, துவர்ப்பு உப்போடு மோதி நாக்கில் இரும்புச்சுவை தட்டியது. பிரான்ஸின் அல்சாஸ் பகுதி வெள்ளை ஒயினான கெவுர்ட்ஸ்ட்ராமினரோ லிச்சி மணத்தோடும் மெல்லிய இனிப்போடும் அந்த முரட்டு உப்பைப் பணியவைத்துவிடுகிறது. 250 கிராம் பெட்டி நால்வருக்குத் தாராளம். அக்கம்பக்கத்தாரோடு சுமுகமாக இருக்க விரும்பினால் சன்னலைச் சாத்திவிடுங்கள்.