ஃப்யூசிபிள் வெப்: ஒரு ரோல் காலி பண்ணிட்டு எழுதுற ரிவ்யூ

ஆர்ட் க்வில்ட் (துணித் துண்டுகளை வச்சு படம் மாதிரி பண்றது) பண்றதுக்குன்னு பேப்பர் பேக்கிங் உள்ள லைட் வெயிட் ஃப்யூசிபிள் வெப் ஒரு ரோல் வாங்கினேன், மூணு க்வில்ட் முடிச்சு நேத்துதான் கடைசித் துண்டு தீர்ந்துச்சு. பிராண்ட் பேர் போடல, ஏன்னா குறை சொல்லப்போறேன், அதுல பாதி என் கைத்தப்பு வேற. தெரியாதவங்களுக்கு, இது சிலந்தி வலை மாதிரி மெலிசா இருக்குற பசை, ஒரு பக்கம் பேப்பர் இருக்கும். துணியோட பின்பக்கத்துல வச்சு அயர்ன் பண்ணி, ஷேப் வெட்டி, பேப்பரை உரிச்சு, பேக்ரவுண்ட் துணி மேல வச்சு மறுபடி அயர்ன் பண்ணா ஒட்டிக்கும். ஓரம் மடிச்சுத் தைக்கிற வேலையே இல்ல.

ஒட்டுறதுல குறையே இல்ல, நல்லா பிடிக்குது. ஆனா முதல் ரவுண்ட்ல ஆவி இல்லாம அஞ்சு செகண்ட்னு போட்டிருந்தா அஞ்சோட நிறுத்திடணும், நான் இன்னும் கொஞ்சம் நல்லா பிடிக்கட்டுமேன்னு இருபது செகண்ட் வச்சு அழுத்தினேன், பசை பூரா உருகி துணிக்குள்ளயே இறங்கிடுச்சு, அப்புறம் பேக்ரவுண்ட்ல ஒட்ட மேல பசையே மிச்சமில்ல. புதுத்துணியை அலசாம ஒட்டினாலும் இதே கதைதான், கஞ்சி மாதிரி ஃபினிஷ் இருக்கும்ல, அது பசையைப் பிடிக்க விடாது. அலசும்போது சாஃப்ட்னரும் போட்டுடாதீங்க.

பேப்பர் உரிக்கிறதுதான் இந்த ரோலோட பெரிய இம்சை. ஓரத்துல நகத்தை விட்டு நோண்டினா துணி நூல் நூலா பிரியுது. நடுவுல குண்டூசியால பேப்பர்ல மட்டும் லேசா ஒரு கோடு கிழிச்சு, அங்கேருந்து வெளிப்பக்கமா உரிச்சா ஓரம் அப்படியே கத்தி மாதிரி நிக்குது. அதுவும் நல்லா ஆறினப்புறம்தான், சூட்டோட இழுத்தீங்கன்னா பசையும் பேப்பரோடவே வந்துடும்.

சரி, இப்ப கலருக்கு வர்றேன், எழுத உக்காந்ததே இதுக்குத்தான். நேவி ப்ளூ வானத்துல இளமஞ்சள் நிலா வச்சிருந்தேன், டேபிள் மேல பாக்கும்போது என்ன அழகு தெரியுமா, ஃப்யூஸ் பண்ணி முடிச்சதும் நிலா அழுக்குப் பச்சையா மாறிடுச்சு! சாயம் இறங்கிடுச்சோன்னு பதறிப்போய் பாத்தா அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரெண்டு துணியும் அழுந்தி ஒட்டிடுறதால கீழ இருக்குற கருநீலம் மேல எட்டிப் பாக்குது, அவ்வளவுதான். ஒட்டினதைப் பிரிக்கவும் முடியல, மேல இன்னொரு நிலா ஒட்டினேன், இப்ப அந்த இடம் மட்டும் அட்டை மாதிரி விறைப்பா இருக்கு. அதுலேருந்து வெளிர் துணி எதுவா இருந்தாலும் முதல்ல அதுக்குப் பின்னாடி ஒரு வெள்ளைத் துணி ஒட்டி, அதுக்கும் பின்னாடி வெப் வச்சு வெட்டுறேன். பேக்கெட்ல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல, அதான் எனக்குக் கடுப்பு.

இதனாலயே கலர் முடிவை அயர்ன் பாக்ஸ் சூடாகுறதுக்கு முன்னாடியே எடுத்துடணும்னு புரிஞ்சுது. துணிகளை வரிசையா அடுக்கி ஃபோன்ல கறுப்பு வெள்ளைல ஒரு போட்டோ எடுப்பேன். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு அடிச்சுக்குற மாதிரி தெரியும், போட்டோல ரெண்டும் ஒரே சாம்பலா வந்து நிக்கும், அப்ப பூவும் இலையும் தூரத்துலேருந்து ஒரே மொத்தையாத்தான் தெரியும்னு அர்த்தம். சிவப்பு ஃபில்டர் வழியா பாக்குற டூலும் வச்சிருக்கேன், ஆனா அது சிவப்புத் துணியை வெளிராவும் பச்சையைக் கருப்பாவும் காட்டி ஏமாத்துது, போட்டோதான் பெட்டர்.

பக்கத்துல என்ன கலர் இருக்குங்கறது இன்னொரு தலைவலி. என்கிட்ட இருக்குற சாதா சாம்பல் துணி ஆரஞ்சுக்குப் பக்கத்துல வச்சா லேசா நீலம் அடிக்குது, தனியா எடுத்தா பழையபடி சாம்பல். இது ஒண்ணும் புதுசு இல்ல. பாரிஸ்ல கோப்லின் திரைச்சீலை நெசவுக்கூடத்துல சாயப் பிரிவுக்கு 1824-ல பொறுப்புக்கு வந்த ஷெவ்ரல்ங்கற கெமிஸ்ட்கிட்ட கறுப்பு நூல்ல கருமை பத்தலைன்னு புகார் வந்துச்சாம், அவர் சோதிச்சுப் பாத்தா சாயத்துல கோளாறே இல்ல, பக்கத்துல நெய்யுற நீலம், ஊதாவாலதான் கறுப்பு மங்கித் தெரிஞ்சிருக்கு. அதை வச்சு 1839-ல ஒரு புத்தகமே போட்டுட்டார். நமக்கு அவ்வளவு வேணாம், பேப்பர் உரிச்ச துண்டுகளை அயர்ன் பண்ணாம பேக்ரவுண்ட் மேல சும்மா பரப்பி வச்சு, ஒரு ராத்திரி விட்டுட்டு காலைல வந்து பாத்தாலே எது ஒத்துப்போகலன்னு தெரிஞ்சுடும். கேக் சுட விரிக்கிற, பசை ஒட்டாத ஷீட் மேல முழுப்பூவையும் அடுக்கி லேசா அயர்ன் பண்ணி, ஆறினதும் ஒரே பீஸா உரிச்சு எடுத்து இங்க அங்க நகர்த்திப் பாக்கவும் செய்யலாம், இந்த வெப் அதுக்கு அருமையா ஒத்துழைக்குது.

என் முட்டாள்தனம் ரெண்டு. பேப்பர்ல வரைஞ்சது கண்ணாடில தெரியிற மாதிரி திரும்பி வரும்னு தெரிஞ்சும் மறந்துட்டு ஒரு பறவையை அதோட கூட்டுக்கு முதுகு காட்டி உக்கார வச்சேன். அப்புறம் ப்ரிண்ட் துணியோட பின்பக்கம் நல்ல மங்கலான ஷேடா இருக்கேன்னு அந்தப் பக்கத்தையே கலர் வரிசைல சேர்த்துட்டு, பழக்கதோஷத்துல பின்பக்கத்துலயே வெப்பை ஒட்டிட்டேன். எந்தப் பக்கம் வெளிய தெரியணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம்தான் பசை வரணும்!

விறைப்பு பத்தி: சின்னத் துண்டுக்குப் பரவால்ல, உள்ளங்கையை விடப் பெருசா போனா ஓரத்துல கால் இஞ்ச் மட்டும் விட்டு நடுவுல வெப்பை வெட்டி எடுத்துட்டு ஒட்டுங்க, துணி துணியா இருக்கும், வெப்பும் மிச்சம். ஊசில பசை கொஞ்சம் ஏறுது, ஸ்பிரிட்ல துடைச்சா போயிடுது. தைக்கவே தேவையில்லன்னு விக்கிற ஹெவி டைப்பை மட்டும் ஆர்ட் க்வில்ட்டுக்கு வாங்கிடாதீங்க. ஆர்கன்சா மாதிரி கண்ணாடித் துணிக்கு இந்த ரோல் சரிப்படாது, பசை புள்ளி புள்ளியா தெரியுது, அதுக்கு மிஸ்டிஃப்யூஸ் மாதிரி பேப்பரே இல்லாத மெல்லிசு ரகம் பாருங்க.

அஞ்சுக்கு நாலு தரலாம். மடிச்சு வைக்காம சுருட்டியே வைங்க, நான் மடிச்சு வச்ச கடைசி அரை மீட்டர்ல பேப்பர் ஒரு பக்கம் பசை ஒரு பக்கம்னு தானாவே கழண்டு கிடந்துச்சு.