17,400 ரூபாய் போச்சு: கார் சர்வீஸ் டீலரிடமா, வெளி மெக்கானிக்கிடமா, நாமேவா என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்

17,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் காரின் முன் சக்கரத்தில் ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நேற்று சாயங்காலம்தான் தெரிந்தது. ஆறப்போட்டால் ‘சரி, விட்டுத் தொலை’ என்று எனக்கே தோன்றிவிடும், அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன். டீலரிடம் விடுவதா, வெளி மெக்கானிக்கிடம் விடுவதா, நாமே பார்த்துக்கொள்வதா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கார் 2018 ஸ்விஃப்ட், பெட்ரோல். வாரண்டி இருந்தவரை டீலரின் சர்வீஸ் சென்டரில்தான் விட்டேன். அங்கே ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகும்போதெல்லாம் சர்வீஸ் அட்வைசர் ஒரு பட்டியலை நீட்டுவார். இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி க்ளீனிங், ஏசிக்குக் கிருமிநாசினி, அடிப்பக்கத்துக்குத் துரு தடுக்கும் பூச்சு. 10,000 கிலோமீட்டருக்கு அல்லது வருஷத்துக்கு ஒரு தடவை என்று கையேட்டில் போட்டிருக்கும் அட்டவணையில் இதில் பாதியைத் தேடினாலும் கிடைக்காது. ஒவ்வொன்றாக ‘வேண்டாம்’ என்று அடித்தால் அவர் முகம் போகிற போக்கே சரியாக இருக்காது.

வாரண்டி முடிந்ததும் சென்னை மடிப்பாக்கத்திலேயே ஒரு மெக்கானிக் பாயிடம் விட ஆரம்பித்தேன். அருமையான கைக்காரர். மெட்ரோ வேலையில் ரோடு குறுகி, கடைக்கு வண்டி வர முடியாமல் போனதும் இடத்தைக் காலி செய்துவிட்டார். பழைய நம்பரும் போகவில்லை. போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மச்சானும் நானும் வீட்டு வாசலிலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துத்தான் அடியில் படுத்தோம். மச்சான் எதையும் எழுதி வைக்கிற ஆள். புது ஆயில் ஃபில்டர் மேல் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்த வருஷம் ஊருக்குப் போக முடியவில்லை. அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஆயில் மாற்ற அசோசியேஷன் விடாது. அப்போதுதான் அந்த ஆப். பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பு இல்லை. வீட்டுக்கே ஆள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய், ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்து திருப்பிக் கொண்டுவந்து விடும் ரகம். பேக்கேஜ் 3,999 ரூபாய். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், வாட்டர் வாஷ் எல்லாம் அதில் அடக்கம். புக் செய்யும்போது குறை இருந்தால் எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருந்தது. ‘பிரேக் பிடிக்கும்போது லேசாகக் கீச்சென்று சத்தம்’ என்று எழுதினேன். கொக்கியை அவர்கள் அதில்தான் மாட்டினார்கள்.

காலையில் வந்த பையன் மரியாதையான பையன். வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்தான், கீறல்களைக் குறித்துக்கொண்டான், பெட்ரோல் அளவைக் காட்டிக் கையெழுத்து வாங்கினான். இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவர்கள் உள்ளேயும் ஒழுங்காகத்தான் செய்வார்கள் என்று யாருக்குத் தோன்றாது?

மத்தியானம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன். ‘சார், ஃப்ரன்ட் பேட் சுத்தமா போயிடுச்சு, டிஸ்க்ல குழி விழுந்திருக்கு. இதோட ஹைவேல போனீங்கன்னா ரிஸ்க் சார். போட்டோ அனுப்பறேன், நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க.’ வாட்ஸ்ஆப்பில் போட்டோ வந்தது. சக்கரம் கழற்றிய நிலையில் வட்டம் வட்டமாகக் கோடு விழுந்த டிஸ்க், பக்கத்தில் தேய்ந்து தகடாகிப்போன பேட், அதாவது பிரேக் போடும்போது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற கட்டை. பார்க்கவே பயமாக இருந்தது. அந்த வாரம்தான் அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டில் திண்டிவனம் போவதாக இருந்தோம். ‘அவசரம் இல்ல சார், யோசிச்சுச் சொல்லுங்க’ என்று வேறு சொன்னான். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். அவசரப்படுத்துகிறவனை நாம் சந்தேகப்படுவோம், நிதானமாகப் பேசுகிறவனை நம்பிவிடுவோம். இது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மாற்றிவிடுங்கள் என்றேன். கழற்றிய பழைய பார்ட்ஸ் எனக்கு வேண்டும் என்றும் சொன்னேன்.

கடைசியில் வந்த கணக்கு: பேக்கேஜ் 3,999, டிஸ்க் இரண்டும் பேடும் கூலியோடு 9,850, ஏசி காஸும் க்ளீனிங்கும் 2,450, ‘கன்சியூமபிள்ஸ்’ 1,101. ஆக 17,400. ஏசி நன்றாகத்தான் குளிர்ந்துகொண்டிருந்தது. காஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம். லீக் எங்கே என்று கேட்டதற்கு ‘ஜெனரல் செக்கப்ல டாப் அப் பண்ணோம் சார்’ என்றான். அந்த 1,101 ரூபாய்க்கு என்ன கன்சியூம் ஆனது என்று இன்றுவரை தெரியாது.

3,999 ஆப்பில் ஏற்கெனவே கட்டியது. மீதி 13,401-க்கு ஆப்பில் பணம் கட்டும் லிங்க் வரவே இல்லை. ‘சர்வர் டவுன் சார், இந்தக் க்யூஆர்ல போட்டுடுங்க, அவங்களே அப்டேட் பண்ணிடுவாங்க’ என்றார்கள். போட்டேன். கையில் கொடுத்த தாளின் தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்றுதான் இருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, கடை முகவரிகூட இல்லை. பழைய பார்ட்ஸ்? ‘ஸ்கிராப்ல போயிடுச்சு சார், சாரி.’

மறுநாள் எடுத்தால் அதே கீச் சத்தம். போன் போட்டேன். ‘புது பேட் சார், கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும்.’ புது பேட் பழகக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பது உண்மையும்தான், அதனால் பொறுத்தேன். சத்தம் கூடிக்கொண்டே போனது. திண்டிவனப் பயணத்தை ரத்து செய்துவிட்டு, டீக்கடையில் விசாரித்து, பாய் இப்போது மேடவாக்கம் பக்கம் கடை போட்டிருப்பதைக் கண்டுபிடித்துப் போனேன்.

சக்கரத்தைக் கழற்றியதும் பாய் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். ‘புது டிஸ்க்குனு யாரு சொன்னா தம்பி? ஓரத்த தடவிப் பாருங்க.’ டிஸ்க்கின் வெளி ஓரத்தில் விரல் தட்டுகிற மாதிரி வரப்பு, அதன் மேல் துரு. பேட் உராய்கிற இடம் மட்டும் தேய்ந்து, படாத ஓரம் மேடாக நிற்கும், வருஷக்கணக்கில் ஓடினால்தான் அப்படி ஆகும். பேடும் பழசேதான். தேய்ந்துபோனால் டிஸ்க்கில் உரசிச் சத்தம் போட்டு எச்சரிப்பதற்கென்றே பேடில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. இத்தனை நாளும் கத்தியது அதுதான். ‘டிஸ்க்ல இன்னும் உயிர் இருக்கு தம்பி, பேட் மட்டும் போதும்’ என்றார் பாய். அசல் பேடும் அவர் கூலியும் சேர்த்து 2,600 ரூபாயில் வேலை முடிந்தது.

அடியில் எட்டிப் பார்த்தேன். ஆயில் ஃபில்டர் மேல் மச்சானின் கையெழுத்து மங்கலாக அப்படியே இருக்கிறது! தேதியோடு. ஆயில் மாற்றியிருக்கிறார்கள், ஃபில்டரைத் தொடவில்லை. ஆயிலுக்கு 4 லிட்டர் கணக்கு எழுதியிருக்கிறார்கள், இந்த இன்ஜின் குடிப்பதே மூன்று லிட்டர் சொச்சம்தான். மீதி யார் வண்டிக்குப் போனதோ.

பாய் கடையில் உட்கார்ந்து அந்த வாட்ஸ்ஆப் போட்டோவை மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் சக்கரம் மாட்டுகிற போல்ட் ஐந்து இருக்கிறது. ஸ்விஃப்டுக்கு நான்குதான். வேறு எந்த வண்டியின் போட்டோவையோ காட்டி என் அம்மா உயிரை வைத்துப் பயமுறுத்திப் பணம் பிடுங்கியிருக்கிறார்கள். போனது பணம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பிரேக் மாற்றியாகிவிட்டது என்ற தைரியத்தில் நான் ஹைவேயில் அழுத்தியிருந்தால்?

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. ஒர்க்‌ஷாப்பில் ‘நாங்க ஆப் சொல்ற வேலைய மட்டும்தான் சார் செய்யறோம், அவங்ககிட்ட பேசுங்க.’ ஆப்பின் சாட்டில் முதலில் மெஷின், அப்புறம் நேரத்துக்கு ஒரு பெயரில் ஒரு ஆள். எல்லோருக்கும் ஆதியிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியாக வந்தவர் தெளிவாகச் சொன்னார்: எங்கள் பதிவில் 3,999 மட்டும்தான் இருக்கிறது, மற்றது உங்களுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் இடையிலானது. உத்தரவாதத்தைக் கேட்டால் ‘மாற்றிய பழைய பாகங்களைக் காட்டுங்கள்’ என்கிறார்கள். நான் கேட்டும் கொடுக்காத அதே பாகங்கள்! சமாதானத்துக்கு அடுத்த சர்வீஸில் 500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன். 17,400 போனவனுக்கு 500 ரூபாய்க் கூப்பன், அதுவும் மறுபடி அவர்களிடமே போனால்தான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி இந்த ஆப்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அவருக்கும் மெயில் போட்டாகிவிட்டது. மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

சரி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்த யோசனை. விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. வாரண்டி இருக்கும்வரை டீலர், பட்டியலில் கையேட்டில் இல்லாததை அடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு முகம் தெரிந்த மெக்கானிக், எதிரிலேயே நின்று செய்து வாங்குங்கள். ஆயில், ஏர் ஃபில்டர், க்ளவ் பாக்ஸ் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டர் எல்லாம் வீட்டிலேயே மாற்றலாம், பிரேக்கில் மட்டும் பழக்கம் இல்லாமல் கை வைக்காதீர்கள். போட்டோ அனுப்பினால் நம்பர் பிளேட்டும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரே வீடியோவாகக் கேளுங்கள். பழைய பார்ட்ஸும் மீதி ஆயிலும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். தனியாள் க்யூஆரில் போடவே போடாதீர்கள்.

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் இதே மாதிரி ஆப்பில் விட்டு பிரேக் மாற்றியவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே ஒரு மெக்கானிக்கிடம் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழசுதான் என்றால் அந்த எஸ்டிமேட் தாளையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வையுங்கள். சேர்ந்து புகார் கொடுக்க முடியுமா என்று பார்ப்போம்.