ஆபீசர்ஸ் லைன் பழைய புத்தகக் கடையும் ஒரு போலந்து நாவலும்

வேலூர் ஆபீசர்ஸ் லைனிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கும் இந்தப் பழைய புத்தகக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் நீட் கையேடுகளும் நர்சிங் பாடப் புத்தகங்களும் இடுப்பளவுக்கு அடுக்கியிருக்கும். அவற்றைத் தாண்டினால்தான் கதைப் புத்தகங்கள். சி.எம்.சி.க்குப் படிக்கவும் வைத்தியத்துக்கும் வந்து போகிறவர்கள் விட்டுச்செல்லும் ஆங்கில நாவல்கள் பல இங்கே வந்து சேர்கின்றன. குடியாத்தத்தில் தையல் வகுப்பு நடத்தும் நான், நூல்கண்டும் பாபினும் வாங்க வேலூர் வரும்போது இங்கேயும் எட்டிப் பார்ப்பது வழக்கம்.

முதல் பக்கத்தில் பென்சிலால் விலை எழுதியிருக்கும். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் கிடைக்கும். பேரம் பேசினால் கடைக்காரருக்குக் காது கேட்காது. அப்படி வாங்கியதுதான் போலந்து எழுத்தாளர் எலிசா ஓஜெஷ்கோவாவின் ‘மார்த்தா’, ஆங்கில மொழிபெயர்ப்பு. “இது என்ன கதை, பாய்?” என்று கேட்டேன். “நான் படித்துப் பார்த்து விற்க ஆரம்பித்தால் கடை நடக்காது, டீச்சர்” என்றார்.

1873இல் வந்த நாவல். வார்சா நகரில் கணவனை இழந்து, சின்னப் பெண் குழந்தையோடு நிற்கிறாள் மார்த்தா. வசதியான வீட்டில் வளர்ந்தவள். கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் ஓவியம், கொஞ்சம் ஊசி வேலை. எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு. பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கப் போகிறாள், தன் அறிவு போதாது என்று தெரிந்து தானே விலகுகிறாள். ஓவியம் கைகொடுக்கவில்லை. மொழிபெயர்ப்பு திரும்பி வருகிறது. பெண்களுக்கான துணிகளை ஆண்களே விற்கும் கடையில், பெண்ணை வேலைக்கு வைப்பதில்லை என்கிறார்கள்.

தையலுக்கு வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தையல் மெஷின் பரவத் தொடங்கிவிட்ட காலம். மார்த்தாவுக்கு அது ஓட்டத் தெரியாது. கடைசியில் கையால் தைக்கும் பட்டறை ஒன்றில் அற்பக் கூலிக்கு நாள் முழுக்கக் குனிந்து உட்காருகிறாள். என் வகுப்பிலும் இதைப் பார்க்கிறேன். ஹெம்மிங், கொக்கி, காஜா வரை ஆர்வமாக வருவார்கள். கைக்குழி, அதாவது ப்ளவுஸில் கை சேரும் வளைவு, வெட்டக் கற்கும் கட்டம் வந்தால், பெண் பார்க்க வருகிறார்கள் என்று நின்றுவிடுவார்கள். கைக்குழி வளைவு கால் அங்குலம் தப்பினால் கை தூக்கும்போது ப்ளவுஸ் மொத்தமும் மேலே ஏறும். அதைச் சரியாக வெட்டுகிறவளிடம்தான் துணி தேடி வரும். கொக்கி மட்டும் வைக்கத் தெரிந்தவளுக்குச் சில்லறைதான். அரைகுறைத் தொழில் சோறு போடாது என்று அம்மாக்களிடம் நான் தொண்டை வறளச் சொல்வதை, இந்த அம்மாள் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே எழுதிவிட்டார்.

குறை இல்லாமல் இல்லை. ஆசிரியை அடிக்கடி கதையை நிறுத்திவிட்டுப் பிரசங்கம் செய்கிறார். மார்த்தாவுக்குத் துன்பம் வரிசை கட்டி வருகிறது. பணத்தைத் திருடிக்கொண்டு ஓடி, குதிரை வண்டிச் சக்கரத்தில் மாட்டிச் சாகும் முடிவு எனக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் வேலை தர மறுப்பவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. இரக்கத்தோடுதான் கதவைச் சாத்துகிறார்கள். அதுதான் உறைக்கிறது.

எழுதியவர் வாழ்க்கையும் லேசானதல்ல. 1841இல் க்ரோத்னோ அருகே பிறந்தவர். பதினாறு வயதில், ஏறத்தாழ இரு மடங்கு வயதுள்ள நிலக்கிழாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 போலந்து எழுச்சியில், அதன் தலைவர் ரோமுவால்ட் த்ராவுகுத்தை ஒளித்து வைத்து, தன் வண்டியிலேயே அழைத்துச் சென்றுவிட்டார். கணவரை நாடு கடத்தினார்கள், நிலம் பறிபோனது. கணவரோடு போகாமல் 1869இல் அந்தத் திருமணத்தையே ரத்து செய்துகொண்டார். நம் ஊரில் இன்றைக்கும் இதற்கு என்ன பேச்சு வரும் என்று சொல்லவா வேண்டும்! பிறகு எழுத்துதான் அவருக்குப் பிழைப்பு. 1879இல் வில்னோவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) பதிப்பகமும் புத்தகக் கடையும் தொடங்கினார். 1882இல் ரஷ்ய அரசு அவற்றை மூடிவிட்டது, அவரைப் போலீஸ் கண்காணிப்பில் வைத்தது. 1905 இலக்கிய நோபல் பரிசுக்கு இவர் பெயரும் போனது, கிடைத்தது இன்னொரு போலந்து எழுத்தாளரான சியென்கியேவிச்சுக்கு. 1910இல் க்ரோத்னோவில் இறந்தார். இன்று பெலாரஸில் இருக்கும் அந்த ஊரில் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. உலகத்துக்கே பொதுமொழியாக இருக்கட்டும் என்று எஸ்பராந்தோ மொழியை உருவாக்கிய ஸாமென்ஹோஃப் ‘மார்த்தா’வை அந்த மொழியில் பெயர்த்தார், அது வழியாக ஜப்பான் வரை போயிருக்கிறது இந்த விதவையின் கதை.

கடையிலிருந்து சற்று நடந்தால் சி.எம்.சி. அதை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918இல். தொழிலை முழுதாகக் கற்றுக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேலூர்க்காரர்களுக்கு நாவல் தேவையில்லை.

கடையைப் பற்றி மீதி: தமிழ் அலமாரி ஏமாற்றம்தான், பழைய தொடர்கதை பைண்டிங்குகளும் ஜோதிடமும் மட்டுமே. உள்ளே ஒரே ஒரு குழல் விளக்கு; செல்போன் வெளிச்சத்தில் தேட வேண்டும். உட்கார இடமில்லை. ஆங்கில நாவல்களுக்கு மட்டும் தாராளமாக வரலாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குச் சாத்திவிடுவார், மூன்று மணிக்கு மேல் போங்கள். பையும் கொண்டு போங்கள், அவர் தருவதில்லை.